யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவன் ஒருவன் எழுதுதற்குரியன எனப் பொதுவாகக் கருதப்படும் பொருள்கள் பல என் மனத்தில் எழுந்தன. துடுப்பாட்டப் போட்டிகள், விடுதி வாழ்க்கை, ஆசிரியப் பெருமக்களின் கண்டிப்பும் கருணையும் ஆகியவற்றை என்னினும் சிறப்பாக எழுத வல்லார் நம்முள் பலர் உளர். ஆதலின், யான் இக்கல்லூரியிற் கற்றுப் பின்னர்ப் பல்லாண்டு கற்பித்த பாடமாகிய பூமிசாத்திரத்திலிருந்தே ஒரு வினாவை எடுத்துக்கொள்கின்றேன். இக்காலத்து மாணவர் அப்பாடத்தைப் புவியியல் என்பர். பெயர் மாறினும் பூமி மாறவில்லை. வினாவும் மிக எளியதே: யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

இவ்வினாவை முதன்முதல் என்னிடம் கேட்டவர் எமது பூமிசாத்திர ஆசிரியர். வகுப்பறை மேசைமீது ஓரடி விட்டமுள்ள பூகோளம் ஒன்று இருந்தது. அவர் தமது சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, பூகோளத்தின்மீது இரு நகரங்களுக்கிடையே இழுத்துப் பிடித்து, அதனை அளவுகோலில் வைத்துக் காட்டுவார். இலண்டனுக்கு நூல் நீளும். சிங்கப்பூருக்குக் குறையும். சென்னைக்கு இழுத்தபோது விரல்களுக்கிடையில் நூல் இருந்த இடமே தெரியவில்லை. “தம்பிமாரே, ஒரு நெல்லின் நீளம்” என்றார் ஆசிரியர். வகுப்பு நகைத்தது. பின்னாளில் யானே ஆசிரியனாகிக் கணக்கிட்டுப் பார்த்தபோது அவர் கூற்று மிகையன்று என்பதை உணர்ந்தேன். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 356 கிலோமீற்றர். பழைய கணக்கில் 221 மைல். ஓரடிப் பூகோளத்தில் இஃது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. நெல்மணி என்றது சரியே.

இன்னுமொரு செய்தியையும் அவர் எமக்குக் காட்டினார். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை ஆகிய மூன்று நகரங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி ஒரே வரிசையில் அமைந்துள்ளன. தேசப்படத்தில் அளவுகோலை வைத்துக் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், அக்கோடு யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேலாகவே செல்லும். மாணவர்கள் இதனைத் தாமே வரைந்து பார்ப்பார்களாக. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இக்கோடு மீண்டும் வரும்.

நிற்க. தூரம் தெரிந்தபின் நேரத்தைக் கணித்தல் எளிதெனத் தோன்றும். இன்று பலாலிக்கு வந்து செல்வன ஏறத்தாழ எழுபது பேர் அமரக்கூடிய, சுழல்விசிறி பூட்டிய ஏ.ரி.ஆர். வகை விமானங்கள். உயரத்தை அடைந்து நேராகப் பறக்கும்போது அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடங்களிற் சென்னையை அடைதல் வேண்டும். ஆயின், நேர அட்டவணையோ ஒரு மணியும் கால்மணியும் என்று கூறும். எஞ்சிய அரை மணிநேரம் எங்கே போயிற்று என ஒரு மாணவன் கேட்பின், அவன் நல்ல மாணவன். அட்டவணையிற் காணும் நேரம் வானிற் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்தது முதல், மறுபுறத்தில் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்லல், மேலெழும்போது வேகங் குறைந்திருத்தல், இறங்குமுன் முறைக்காகக் காத்திருத்தல், ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து வருதல் யாவும் அதனுள் அடங்கும். குறுகிய பயணங்களில் இவையே பயணத்தின் பெரும்பங்கை உண்டுவிடும்.

வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயில்வரை கணக்கிட்டால் நிலைமை இன்னும் வேறாகும். பட்டினத்திலிருந்து பலாலிக்கு அரைமணிக்கு மேல். அங்கே பொதிச் சோதனைக்கும் கடவுச்சீட்டுச் சோதனைக்குமாக இரண்டு மூன்று மணி. வானில் ஒரு மணி. சென்னையில் மீண்டும் வரிசை. அதன்பின் அந்நகரத்து வீதி நெருக்கடியில் ஒரு மணி. ஆறு மணிநேரமாவது கழியும். இதற்கு முன்னதாக விசாவுக்குக் காத்திருந்த நாட்கள் வேறு. ஆகவே, விமானம் பறக்கும் நேரம் என்பது பயணத்தின் நேரத்தில் ஒரு சிறு கூறேயாம். எஞ்சியவை அனைத்தும் காற்றாலும் கடலாலும் வருவன அல்ல. மனிதர் வகுத்த ஏற்பாடுகளால் வருவன. இவ்வுண்மையையே வற்புறுத்த விரும்புகின்றேன். இரு நகரங்களுக்கு இடையிலுள்ள நிலத்தையும் கடலையும் இறைவன் அளந்து வைத்தான். அவற்றினிடையே உள்ள தூரத்தையோ மனிதரே ஆக்குகின்றனர், மனிதரே அழிக்கின்றனர்.

வரலாற்றை நோக்கின் இது விளங்கும். ஆறுமுக நாவலர் அவர்கள் அச்சியந்திரம் வாங்குதற்காகச் சென்னைக்குச் சென்றது 1849ஆம் ஆண்டில். ஆகாய விமானமோ புகையிரதமோ இல்லாத காலம் அது. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857ஆம் ஆண்டில் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்களே. காற்றை நம்பிக் கடல் கடந்த அப்பெரியோர்க்குச் சென்னை தூரத்து ஊராகத் தோன்றவில்லை. அங்கு அச்சிட்டனர், பதிப்பித்தனர், கற்பித்தனர். பின் இங்கு வந்தனர், மீண்டும் சென்றனர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கிற்று. கடலில் 22 மைல் கப்பலிலும் எஞ்சியதைப் புகையிரதத்திலும் கடந்து நம்மவர் சென்னை எழும்பூரில் இறங்கினர். 1964ஆம் ஆண்டு மார்கழியில் வீசிய பெரும்புயல் தனுக்கோடியை அழித்த பின்னரும், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் எண்பதுகளின் முற்பகுதிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விமான வழியும் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, இலங்கை சுதந்திரம் பெறுதற்கு இரண்டு மாதங்கள் நிரம்பாத வேளையில், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, இங்கே தங்கி, சென்னையை அடைந்தது. ‘சீதாதேவி’ எனப் பெயர் பூண்ட டக்கோட்டா விமானம் அது. இந்நாட்டின் விமான நிறுவனம் பறந்த முதற்பாதையே யாழ்ப்பாணத்தின் ஊடாகச் சென்னைக்குச் சென்ற பாதை என்பதை நம் மாணவருட் பலர் அறியார். டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். சென்னைக்கு ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். எழுபது ஆண்டு கழிந்து, விமானத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்கான பின்பும், நாம் மீதப்படுத்திய நேரம் மிகச் சொற்பமே என்பது சிந்தித்தற்குரியது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் என் அண்ணர் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்குப் புறப்பட்ட நாளில் யாங்கள் அனைவரும் பலாலிக்குச் சென்று வழியனுப்பினோம். ஐயா வேட்டி சால்வையுடன், கோயிலுக்குச் செல்பவர்போல வந்தார். அம்மா ஒரு தகரப் பேணி நிறையப் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்பினார். விமானம் கண்ணுக்கு மறைந்த பின்னர் நாங்கள் வாடகை மோட்டார் வண்டியில் வீடு திரும்பி, உண்டு, சற்றே இளைப்பாறி எழுந்தபோது, “இந்நேரம் மகன் இறங்கியிருப்பான்” என்று ஐயா கூறினார். அவ்வளவு அண்மை. விடுமுறைக்கு விடுமுறை அண்ணர் வந்து போனார். படிப்பு முடிந்தபின் அங்கேயே தொழில் ஏற்று, இல்லறம் அமைத்தார். கலியாணம் இங்கே நடந்தது. பிள்ளைகள் அங்கே பிறந்தனர். அதனை எவரும் பிரிவு என்று கருதவில்லை.

பின்னர் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. எழுபதுகளின் இறுதியில் எயர் சிலோன் நிறுவனம் மறைந்தது. எண்பதுகளில் போர் மூண்டது. தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1956ஆம் ஆண்டிலிருந்து நம்மைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற யாழ்தேவி 1990ஆம் ஆண்டோடு நின்றது. கண்டி வீதியும் மூடப்பட்டது. ஓடுபாதையைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் செல்ல வேண்டியவன் இரவிற் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்து, வவுனியாவில் அனுமதி பெற்று, கொழும்பை அடைந்து, அங்கே விசாப் பெற்று விமானம் ஏற வேண்டியவனானான்.

முன்னர்க் கூறிய நேர்கோட்டை இப்பொழுது நினைவுகூர்க. சென்னை வடக்கே இருக்கின்றது. நாமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கு நோக்கிச் சென்று, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, 647 கிலோமீற்றர் வடக்கு நோக்கித் திரும்பி வரல் வேண்டும். விடுபட்ட சில்லறைத் தூரத்தையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல், நேர்வழியைப்போல் மும்மடங்கு. அப்படிப் பறக்கும் விமானம் பாதிவழியைக் கடக்குமுன் எந்த ஊருக்கு அண்மையாக வரும்? பயணி புறப்பட்ட அதே யாழ்ப்பாணத்துக்கு. தன் வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டு நாட்கணக்கில் அலைந்து, கடைசியில் அம்முற்றத்துக்கு மேலாகவே பறந்து செல்லும் நிலை உலகில் வேறு எந்நகரத்தாருக்கு வாய்த்ததோ யான் அறியேன்.

1993ஆம் ஆண்டில் என் அண்ணர் சென்னையிற் காலமானார். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்த காலம். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அண்ணியார் எழுதிய சிறு கடிதம் என் கைக்கு எட்டியபோது, அந்தியேட்டியும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக் கிணற்றடியில் நின்று தலை முழுகினேன். வேறு செய்தற்கு யாதும் இருக்கவில்லை. அன்றிரவு, பழக்கங் காரணமாக, தேசப்படத்தை விரித்து வைத்தேன். 356 கிலோமீற்றர், அதே நெல்மணி. நிலம் ஓரங்குலமும் நகரவில்லை. எனினும், என் உடன்பிறந்தாரின் முகத்தை இறுதியாக ஒருமுறை காண இயலாத தூரத்தில் யான் இருந்தேன். இது என் ஒருவனது துயரமன்று. இம்மலரை வாசிப்போருள் அக்காலத்தை அறிந்தோர் ஒவ்வொருவரும் இதற்கு நிகரான ஒரு கதையைத் தம் வீட்டிலேயே உடையர்.

இஃது இங்ஙனமாக, காலம் மாறிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி பலாலி நிலையம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது; அடுத்த மாதத்தில் அலையன்ஸ் எயர் நிறுவனம் சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. ஐந்து மாதங்கள் நிரம்புமுன் கொரோனாப் பெருந்தொற்று அதனை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி சேவை மீண்டும் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதியிலிருந்து இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தலைப்பட்டது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை ஏற்பட்டது. கடல் வழியிலும் 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. இடையில் நின்று, 2024ஆம் ஆண்டு ஆவணியில் மீண்டும் ஓடியது.

2023ஆம் ஆண்டில், அண்ணர் மறைந்து முப்பது ஆண்டு கழித்து, யான் பலாலியில் விமானம் ஏறினேன். காலையில் வீட்டில் இடியப்பமும் சம்பலும் உண்டு புறப்பட்டவன், மாலைத் தேநீருக்கு அண்ணியார் வீட்டு வாயிலில் நின்றேன். கடிகாரத்தைத் திருப்பவும் வேண்டியிருக்கவில்லை. இரு நாடுகளுக்கும் இப்பொழுது ஒரே நேரம். அண்ணியார்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. காலையில் எங்கே உண்டீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்து, பின், “இவ்வளவு கிட்டவோ தம்பி இருந்தனீங்கள்?” என்றார். அவ்வினாவுக்கு யான் விடை கூறவில்லை. நூலை இழுத்துப் பிடித்து விடை காணக்கூடிய வினா அன்று அது.

இனி, இவ்விமானப் பாதை பற்றி நம்மவரிடையே நிலவும் சில கருத்துகளை ஆராய்வோம்.

வழி எளிதானால் நம் இளைஞர் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விடுவர் என்று அஞ்சுவோர் உளர். நம் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும் இக்கருத்தைக் கேட்டிருக்கின்றேன். கூறுவோர் ஊர்ப்பற்று உடையவர்கள். அவர்தம் அச்சத்தை எள்ளுதல் முறையன்று. ஆயினும், நம் கண்முன் நிகழ்ந்ததை நோக்குவோம். வழிகள் யாவும் மூடிக்கிடந்த காலத்திலேதான் இம்மண்ணிலிருந்து மிகப் பலர் வெளியேறினர். படகேறி இராமேசுவரத்தை அடைந்தோர் எத்தனை ஆயிரவர்! வீட்டையும் காணியையும் விற்றுக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றோர் எத்தனை ஆயிரவர்! போக வேண்டியவன் வழியில்லாதபோதும் போனான். வழியில்லாமையாற் செய்ய முடியாது போனது ஒன்றே. அவன் திரும்பி வரவில்லை. தாய் நோயுற்றபோது வரவில்லை. தங்கையின் கலியாணத்துக்கு வரவில்லை. வீட்டுக் கூரை சரிந்தபோதும் வரவில்லை. மூடிய வழி போவோரைத் தடுப்பதில்லை; வருவோரையே தடுக்கும். அண்ணர் விடுமுறைதோறும் வந்தமைக்குக் காரணம் ஒன்றேகால் மணி நேரத்திற் பறந்து வரக்கூடியதாக ஒரு வழி இருந்தமையே. எனவே, ஊர்ப்பற்று உடையார் வழி திறந்திருப்பதை விரும்பல் வேண்டுமேயன்றி அஞ்சல் ஆகாது.

விமானப் பயணம் செல்வர்க்கே உரியது என்பது இன்னொரு கருத்து. இதில் உண்மை உண்டு. ஓடுபாதை குறுகியதாதலின் சிறிய விமானங்களே வருகின்றன. இருக்கைகள் குறைவாதலின் கட்டணம் குறைவதரிது. ஒரு சாதாரண ஆசிரியரின் சம்பளத்தில் நால்வர் கொண்ட குடும்பம் சென்று வருதல் எளிதன்று. இதற்கு மாற்று, கப்பலையும் விமானத்தையும் ஒருசேரப் பேணுதலேயாம். நாகபட்டினத்துக்குக் கடலில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். நான்கு மணிநேரத்திற் கடக்கலாம். பொருளுள்ளவர் வானிலும் பொருள் குறைந்தவர் கடலிலும் செல்வதற்கு இரு வழிகளும் இருந்தாற்றான் ஒரு நகரம் மற்றொன்றுக்கு அண்மையாயிற்று எனலாம். ஒரு சிலர்க்கு மட்டும் ஒரு மணிநேரமும் ஏனையோர்க்கு ஒருபோதும் எட்டாமையும் ஆயின், அதனை அண்மை என்று அழைத்தல் பொருந்தாது.

மூன்றாவது, ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை வரவழைத்தல் வேண்டும் என்ற கோரிக்கை. யானும் அதனை விரும்புபவனே. ஆயினும், அவ்வோடுபாதையைச் சூழவுள்ள மண் ஆளில்லா மண் அன்று. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே காணியுறுதி உடையன. ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டதெனினும், எஞ்சிய காணிகளுக்காக அம்மக்கள் இன்றும் காத்திருக்கின்றனர். அச்செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தோரின் பிள்ளைகளுட் பலர் இக்கல்லூரியிற் பயின்றவர்கள். சென்னைக்குச் செல்லும் வழியைச் சுருக்குதற்காக, தன் வீட்டுக்குச் செல்லும் வழியை ஒருவன் இழத்தல் நீதியாகாது. முதலில் உரியவர்க்கு உரியதைக் கொடுத்து, வேண்டிய நிலத்தை அவர்தம் இசைவோடும் தக்க விலையோடும் பெறுதலே முறை. தாமதமாயினும் அதுவே நேர்வழி. தூரத்தை அளப்பவர்கள் இத்தூரத்தையும் அளத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறியபின், நம் கடமை யாது என்பது எஞ்சுகின்றது. இப்பாதை என்றும் நிலைத்திருக்கும் என்று நாம் நம்பியிருத்தல் பேதைமை. என் வாழ்நாளிலேயே இப்பாதை போருக்கு முன்னும் பெருந்தொற்றிலும் அற்றதைக் கண்டேன். விமானச் சேவை என்பது கல்லாற் கட்டிய பாலமன்று. இருக்கைகள் நிரம்பும்வரையே அது நிலைக்கும். பயணிகளே அதன் தூண்கள்.

மாணவர்களுக்கு யான் கூறுவது இது. சென்னை என்றால் திரைப்படமும் புடைவைக் கடையும் என்று எண்ணியிராதீர்கள். கன்னிமாரா நூலகத்தையும் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தையும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் சென்று காணுங்கள். தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து பதிப்பித்த நூல்களின் பழம்பதிப்புகளைக் கையில் ஏந்திப் பார்த்தால், அந்த நகரமும் இந்த ஊரும் ஒருகாலத்தில் எவ்வளவு அண்மையாக இருந்தன என்பது விளங்கும்.

கல்லூரி நிருவாகத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் உயர்வகுப்பு மாணவர் பதின்மரையாவது கப்பலிலோ விமானத்திலோ கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்தல் வேண்டும். அதுபோல அங்கிருந்தும் ஒரு பள்ளியின் மாணவர் இங்கு வருதல் வேண்டும். நிதி பற்றிக் கவலற்க. இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் திரட்டும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கினாற் போதும். வளைவு கட்டுதற்கும் பெயர்க்கல் பதித்தற்கும் பணம் தரும் அன்பர்கள், மாணவன் ஒருவனின் கடவுச்சீட்டில் விழும் முதல் முத்திரையும் ஒரு பெயர்க்கல்லே என்று கருதுவார்களாக.

கடல் கடந்து வாழும் பழைய மாணவ நண்பர்களுக்கு யான் கூற விரும்புவது மிகச் சிறிது. இலண்டனிலிருந்தும் தொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் நீங்கள் சென்னைக்கு வருகின்றீர்கள். இசைவிழாவுக்கும் கோயில் தரிசனத்துக்கும் கலியாணப் புடைவைக்கும் வருகின்றீர்கள். உங்களுட் சிலர் என்னிடம், “ஊருக்கு வர நேரம் போதவில்லை” என்று கடிதம் எழுதுகின்றீர்கள். முன்னர் அது மெய்யாக இருந்தது. உங்களை எவரும் குறைகூறவில்லை. இப்பொழுதோ, பத்து மணிநேரத்துக்கு மேற் பறந்து சென்னையில் இறங்கிய ஒருவர்க்கு, ஊருக்கு எஞ்சியிருப்பது ஒரு மணியும் கால்மணியும். இனி, வாராமைக்குத் தூரத்தைக் காரணங் காட்டுதல் இயலாது. உங்கள் பழைய ஆசிரியர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் வாயிலை நோக்கியபடி இருக்கின்றனர். உங்கள் வீட்டு முற்றத்து மாமரம் காய்த்துக்கொண்டுதான் இருக்கின்றது.

எமது பூமிசாத்திர ஆசிரியர் இன்றில்லை. அந்தப் பூகோளமும் இடப்பெயர்வுக் காலத்தில் எங்கேயோ போயிற்று. ஆயினும், இன்றைய வகுப்பறை ஒன்றில் ஓர் இளம் ஆசிரியர் இவ்வினாவை மீண்டும் கேட்பாராயின், மாணவர் கூற வேண்டிய விடை இதுவாகும்: நேர்கோட்டில் 356 கிலோமீற்றர், விமானத்தில் ஒன்றேகால் மணி, வழி அடைபட்ட காலத்தில் முப்பது ஆண்டு. இம்மூன்றும் சரியான விடைகளே. முதலாவதை மாற்ற எவராலும் இயலாது. இரண்டாவது விமானமோட்டியின் கையில் உள்ளது. மூன்றாவது மீண்டும் வாராமற் காத்தல் நம் கையில் உள்ளது.

விழாக் காணும் நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவளை விட்டுச் சென்ற மைந்தர் அவள் வாயிலுக்கு வந்து செல்லும் வழிகள் என்றும் திறந்திருப்பனவாக.